பிஸ்டன் போகும் வழி

லோனாவ்லா – கர்ஜத்

சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் போகிறவர்கள் லோனாவ்லா வருவதற்குள் எழுந்துவிடுவது நல்லது. அங்கிருந்து கர்ஜத் வரை போர் காட் இறக்கம். 37 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் இறங்கும் பாதை. குகைக்குப் பின் குகை. மழைக்காலமென்றால் இரண்டு குகைகளுக்கு நடுவில் பாறை முழுக்க அருவி. எதிரே மலையேறி வரும் வண்டிகளுக்குப் பின்னாலிருந்து கூடுதல் இன்ஜின்கள் முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டு வரும். "அது பேங்கர் இன்ஜின் சார். முன்னாடி இழுக்கிறது மட்டும் போதாது, பின்னாடி தள்ளவும் ஆள் வேணும்" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். வருஷத்துக்கு நாலு தடவை கல்யாணுக்கும் காட்பாடிக்கும் போய்வருகிறவர்.

இழுக்கிறதும் தள்ளுகிறதுமான அந்த இன்ஜின்களில் ஒன்றில்கூடப் பிஸ்டன் கிடையாது. எல்லாம் மின்சாரம். மும்பைக்கு இது புதிதும் அல்ல. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து புறப்பட்டுக் குர்லாவுக்குத்தான் வந்து நின்றது. நூறு வருஷத்துக்கு முன்பே பிஸ்டன் இல்லாமல் ஓடக் கற்றுக்கொண்ட அதே குர்லாவுக்கு நான் பிஸ்டனைத் தேடிப் போய்க்கொண்டிருந்தேன்.

சென்னையில் எங்கள் பெரம்பூருக்கு அடுத்த செம்பியத்தில் 1949 முதல் இந்தியா பிஸ்டன்ஸ் ஆலை இருக்கிறது. அமால்கமேஷன்ஸ் குழுமத்தை வளர்த்த எஸ். அனந்தராமகிருஷ்ணன் காலத்தில் தொடங்கியது. அந்தப் பக்கத்தில் ஒரு தெருவுக்கு ஓரிரு வீட்டிலாவது சிம்சனிலோ பிஸ்டன் கம்பெனியிலோ வேலை பார்த்தவர் இருப்பார். ஆகவே பிஸ்டன் எங்கே பிறக்கிறது என்பது சிறுவயதிலேயே தெரியும். தேய்ந்தபின் பழைய வண்டிச் சாமான் சந்தையான புதுப்பேட்டைக்கு வரும் என்பதும் தெரியும். அதற்கப்பால் அது என்ன ஆகிறது என்று கேட்டால், "பம்பாய்க்குப் போவும், தாராவியில உருக்கிடுவாங்க" என்பார்கள். அந்த ஒற்றை வாக்கியத்தைப் போய்ப் பார்ப்பதுதான் இந்தப் பயணம்.

குர்லா

குர்லாவிலிருந்து கலினா பக்கம் போகும் சி.எஸ்.டி. சாலையில் இருபுறமும் பழைய வண்டிச் சாமான் கடைகள். புதுப்பேட்டையை அறிந்தவனுக்கு முதல் பார்வையில் வித்தியாசம் தெரியாது. கொஞ்சம் நடந்தால் தெரியும். புதுப்பேட்டையில் ஒரே கடையில் சைலன்சரும் சீட்டும் ஸ்டியரிங்கும் கலந்து கிடக்கும். நாம் கேட்டதும் கடைப் பையன் குவியலுக்குள் தலையை விட்டு எடுத்து வருவான். இங்கே கதவு விற்கிறவர் கதவு மட்டும் விற்கிறார். கியர் பாக்ஸ்காரரிடம் ரேடியேட்டர் கேட்டால் நாலு கடை தள்ளிக் கை காட்டுகிறார்.

இன்ஜின் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடையில் என்னை உட்கார வைத்த பெரியவரை அந்தத் தெருவே 'சாச்சா' என்று கூப்பிட்டது. ஜோன்பூரிலிருந்து இளைஞனாக வந்தவர். முதலில் பிரீமியர் பத்மினி டாக்ஸிகளுக்கு இன்ஜின் இறக்கி ஏற்றும் மெக்கானிக். அந்தக் கார் இந்தக் குர்லாவிலேயே பிறந்தது. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், 1964 முதல் ஃபியட் 1100-டி மாடலை இங்கே செய்தது. 1974-ல் அதற்குப் பத்மினி என்று பெயர் வந்தது. கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையுமாகப் பம்பாயின் டாக்ஸியே அதுதான் என்றானது. ஆலை மூடி வெகுகாலமாயிற்று. 20 ஆண்டுக்கு மேல் எந்த டாக்ஸியும் ஓடக்கூடாது என்ற விதிப்படி, கடைசிப் பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபர் 30-ஆம் தேதி தெருவை விட்டு இறங்கியது.

சாச்சா மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்டனை எடுத்துக் கையில் வைத்தார். பத்மினியுடையது. 68 மில்லிமீட்டர் விட்டம். பார்வைக்கு இருக்கும் கனம் கையில் இல்லை. தலைப்பக்கம் கரி படிந்து கறுத்திருந்தது. அதற்குக் கீழே சுற்றிவர ரிங் உட்காரும் பள்ளங்கள். நடுவில் கனெக்டிங் ராடைக் கோக்கும் பின் நுழைய ஒரு துளை. அதற்கும் கீழே ஸ்கர்ட் எனப்படும் பகுதி. அதன் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்து, மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன. எதிர்ப்பக்கம் கடைசல் செய்த தடம்கூட அழியாமல் இருந்தது.

"ஒரு பக்கம் மட்டும் ஏன் இப்படி?" என்று இந்தியில் கேட்டேன்.

"ராடு நேராகவா நிற்கிறது? சாய்ந்துதானே நிற்கிறது. மேலே வெடிக்கும்போது இது நேரே கீழே போகப் பார்க்கும், ராடு பக்கவாட்டில் தள்ளும். அந்தப் பக்கத்துச் சுவர்தான் அடி வாங்கும்" என்றார். விரலால் அந்தக் கோடுகளைத் தடவிவிட்டு, "இந்த டிரைவர் தண்ணீர் ஊற்றாமல் ஓட்டியிருக்கிறான்" என்றார். ரேடியேட்டரைச் சொன்னார்.

பிஸ்டனின் வேலையைச் சொல்வது எளிது. கீழே இறங்கிக் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கும். மேலே ஏறி அதை அழுத்தும். பொறி பட்டு வெடித்ததும் அந்த வேகத்தில் கீழே தள்ளப்படும். மறுபடி ஏறிப் புகையை வெளியே விரட்டும். நாலு ஓட்டத்தில் ஒன்றுதான் சம்பாத்தியம், மற்ற மூன்றும் செலவு. எண்களில் போட்டுப் பார்த்தால்தான் அந்த வேலையின் கடுமை பிடிபடும். பத்மினியின் பிஸ்டன் ஒரு தடவைக்கு 75 மில்லிமீட்டர் ஓடும். நிமிஷத்துக்கு 4,000 சுற்றில் அதன் சராசரி வேகம் விநாடிக்கு 10 மீட்டர். அந்த வேகத்தில் போகிற பொருள் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை முழுதாக நின்று திரும்ப வேண்டும். வெடிப்பின் உச்சத்தில் சதுர செ.மீ.க்கு 40 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொண்டாலும், கையகலம்கூட இல்லாத அந்தத் தலையில் ஏறக்குறைய 1,450 கிலோ இறங்குகிறது. மேலே எரியும் வாயுவின் சூடு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிஸ்டனோ அலுமினியம். 660 டிகிரியில் உருகிவிடும் உலோகம்.

உருகாமல் எப்படி நிற்கிறது? வாங்கிய சூட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் அலுமினியக் கலவை சூட்டைக் கடத்தும். தலையில் வாங்கியது ரிங்குகள் வழியாகவும் ஸ்கர்ட் வழியாகவும் சிலிண்டர் சுவருக்குப் போய், அங்கிருந்து தண்ணீருக்குப் போய்விடுகிறது. அதனால் தலைப்பகுதி முந்நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றினால் சூடு போக வழியில்லை. பிஸ்டன் பெருத்துச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் பாஷையில், இன்ஜின் 'சீஸ்'.

சாச்சா பிஸ்டனைத் திருப்பிப் போட்டு வெர்னியரால் அளந்து காட்டினார். தலைப்பக்கம் விட்டம் சற்றுக் குறைவு, கீழ்ப்பக்கம் கூடுதல். பின் இருக்கும் திசையில் ஓர் அளவு, அதற்குக் குறுக்கே வேறோர் அளவு. உருளை என்று நாம் நினைக்கிற பிஸ்டன், ஆறியிருக்கும்போது உருளையாகவே இருப்பதில்லை. சூடேறினால் எங்கெங்கே எவ்வளவு பெருக்கும் என்று கணக்கிட்டு, அங்கங்கே குறைத்துக் கடைந்திருப்பார்கள். 68 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 200 டிகிரி ஏறினால் கால் மில்லிமீட்டருக்கு மேல் பெருக்கும். ஓடி ஓடிச் சூடான பிறகே அது வட்டமாகிறது.

"இதை எனக்குத் தருவீர்களா?" என்றேன். "இது கிலோ கணக்கு. பிஸ்டன் மூட்டையில் போடணும்" என்று சிரித்துக்கொண்டே கடைக்கு வெளியே கட்டி வைத்திருந்த சாக்கைக் காட்டினார். அந்தச் சாக்கில் பிஸ்டனைத் தவிர வேறெதுவும் இல்லை. பக்கத்தில் இன்னொரு சாக்கில் ரிங்குகளும் பின்களும். வாரம் ஒருமுறை தாராவியிலிருந்து டெம்போ வருமாம்.

தாராவி, 13-ஆம் காம்பவுண்ட்

மாஹிம் பக்கமிருந்து ரயில்வே மேம்பாலம் இறங்கினால் 13-ஆம் காம்பவுண்ட். பம்பாய் எறிந்ததெல்லாம் இங்கேதான் வந்து சேர்கிறது. பிளாஸ்டிக், பெயின்ட் டப்பா, எண்ணெய் டிரம், அட்டை, பிறகு அலுமினியம். தகரக் கூரைக்குக் கீழே பட்டறை, பட்டறைக்கு மேலே பரணில் தூங்கும் இடம். இரண்டு கைகளை விரித்தால் இருபக்கச் சுவரும் தட்டும் சந்துகள். காற்றில் எரிந்த பெயின்ட்டும் உருகிய பிளாஸ்டிக்குமான ஒரு நெடி. அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள்.

நான் தேடிப்போன பட்டறையை நடத்துகிறவர் நாங்குநேரிப் பக்கத்துக்காரர். அவருடைய தாத்தா தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். தோல் தொழில் சுருங்கியதும் அப்பா பழைய இரும்புக்கு மாறினார். இவர் அலுமினியத்துக்கு. "வாங்க தம்பி, சாயா குடிச்சிட்டுப் பேசலாம். இங்க எல்லாரும் பிளாஸ்டிக் பாக்கத்தான் கேமராவைத் தூக்கிட்டு வருதாவ. பிஸ்டன் பாக்க வந்த மொத ஆள் நீங்கதான்" என்றார் அண்ணாச்சி.

தரையில் நாலைந்து குவியல்கள். ஒன்றில் மின்கம்பி. ஒன்றில் நசுங்கிய பாத்திரங்கள். ஒன்றில் ஜன்னல் சட்டங்கள். ஒன்றில் கியர் பாக்ஸ் மூடிகள், கார்புரேட்டர் உடல்கள். தனியே, சுவரோரம், பிஸ்டன்கள். ஸ்கூட்டருடைய சின்னதிலிருந்து லாரியுடைய பெரியது வரை. ஒரு வாலிபர் குந்தி உட்கார்ந்து, கம்பி வளையத்தை இடுக்கியால் கழற்றி, சுத்தியலால் ஒரே தட்டில் பின்னை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். பின் எஃகு, அது ஒரு பக்கம். ரிங் வார்ப்பிரும்பு, அது ஒரு பக்கம். பிறகு பிஸ்டனின் மேல் ஒரு காந்தத்தை ஓட்டினார். டீசல் லாரிப் பிஸ்டன் ஒன்றில் மேல் ரிங் பள்ளத்துக்கு நேரே காந்தம் லேசாக இழுத்தது. டீசலின் அழுத்தத்துக்கு அலுமினியப் பள்ளம் தாங்காதென்று அங்கே ஓர் இரும்புக் கலவை வளையத்தை வைத்தே வார்த்திருப்பார்கள். அந்தப் பிஸ்டன் வேறு குவியலுக்குப் போனது.

உலகப் பழைய உலோகச் சந்தையிலும் இதே பிரிவுதான். அமெரிக்கப் பழைய உலோக வணிகச் சங்கம் ஒன்று வகுத்த குறியீட்டில் அலுமினியப் பிஸ்டனுக்கு 'டாரி' என்று பெயர். இரும்பே இல்லாதது டாரி ஏ, உள்ளே எஃகுப் பட்டை வைத்தது டாரி பி, இரும்பு ஒட்டியது டாரி சி. துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கில் கைமாறும் அந்த வகைகளை, குறியீடு எதுவும் கேள்விப்படாமலே சுவரோரத்தில் அந்த வாலிபர் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி இத்தனை குவியல்? எல்லாம் அலுமினியம்தானே? மொத்தமா உருக்கினா என்ன?"

அண்ணாச்சி குவியலிலிருந்து ஒரு ஜன்னல் சட்டத் துண்டை எடுத்துக் காலால் மிதித்து வளைத்தார். வளைந்தது. உடைந்த பிஸ்டன் துண்டு ஒன்றைக் கல்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்தார். 'டக்'கென்று உடைந்தது. உடைந்த முகத்தில் சாம்பல் நிறப் பொடி மணிகள்.

"பாத்தியளா? இது வளையும், அது ஒடயும். பிஸ்டன்ல சிலிக்கான் கெடக்கு. பாத்திரத்துலயும் வயர்லயும் அது கெடயாது. ரெண்டையும் ஒண்ணா உருக்கிட்டோம்னா, வயருக்கும் ஆகாது, பிஸ்டனுக்கும் ஆகாது. உருக்கினதுக்கு அப்புறம் வெளிய எடுக்க முடியுமா? குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னா திருப்பி எடுத்திருவியளா?"

உலோகவியல் புத்தகமும் இதையேதான் சொல்லும். உருகிய அலுமினியத்திலிருந்து மக்னீசியத்தை ஓரளவு நீக்கலாம். சிலிக்கானையும் இரும்பையும் செம்பையும் கட்டுப்படியாகிற செலவில் நீக்க வழியில்லை. ஆகவே உலைக்குப் போகுமுன் கையால் பிரிப்பதுதான் சுத்திகரிப்பு. அதற்கப்புறம் நடப்பது வெறும் உருக்கல்.

அந்த வெறும் உருக்கலையும் பார்த்தேன். தரையில் பதித்த பட்டி, அதாவது உலை. உள்ளே சிவப்பு. பிஸ்டன்களை மண்வெட்டியால் அள்ளிப் போடப் போட, கரி எரிந்து கறும்புகை முதலில் வந்தது. கொஞ்சநேரம் அவை வடிவம் மாறாமல் கிடந்தன. பிறகு ஓரங்கள் மழுங்கின, ரிங் பள்ளங்கள் மறைந்தன, தலையும் ஸ்கர்ட்டும் ஒன்றாகி மட்டம் இறங்கியது. சூட்டை அளவாக வைத்திருந்தால் தப்பித்தவறி வந்த இரும்பு உருகாது. அது உருக 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். அடியில் தங்கும் அந்தத் துண்டுகளை நீளக் கரண்டியால் துழாவி எடுத்தார்கள். உப்புப் பொடி போன்ற ஒன்றைத் தூவியதும் மேலே கசடு திரண்டது. அதை ஒதுக்கிவிட்டு, கண்ணாடி மாதிரித் தளும்பியதை வார்ப்பில் ஊற்றினார்கள். ஊற்றியவரின் காலில் ரப்பர் செருப்பு. கையில் ஈரச் சாக்குத் துண்டு. முகத்தில் கட்டியிருந்த கைக்குட்டை புகைக்கு எந்த அளவில் தடுப்பு என்று சொல்லத் தேவையில்லை.

பாக்ஸைட்டிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்க ஆகும் எரிசக்தியில் ஏறக்குறைய 5 சதவீதம் போதும், பழையதை உருக்க. மீதி 95 சதவீதத்தை மிச்சம் பிடித்துத் தருகிறவர்களுக்கு ஒரு கையுறை வாங்கித்தர யாருக்கும் தோன்றவில்லை.

"இந்தக் கட்டி எங்க போவும்?"

"ராஜ்கோட்டுக்கு, புணேவுக்கு. சிலது உங்க கோயமுத்தூருக்கு. பம்பு பாடி ஊத்துவாங்க. வண்டிச் சாமான் ஊத்துவாங்க. நாம நல்ல சரக்காக் குடுத்தா அங்க நல்ல சாமான் ஆவும்" என்றார்.

தாராவி, 90 அடிச் சாலை

13-ஆம் காம்பவுண்டிலிருந்து வெளியே வந்து தெற்கும் கிழக்குமாக நடந்தால் நெடி குறைந்து, வறுத்த மிளகாய் வாசனை வருகிறது. 90 அடிச் சாலையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் வரிசையாகத் தொடங்கும். நகைக்கடை, மளிகை, முறுக்குக் கடை, அரசியல் கட்சிகளின் கொடிக்கம்பங்கள். காமராஜர் பெயரில் பள்ளிக்கூடம். பொங்கலன்று இந்தச் சாலையோரம் முழுக்கப் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவார்கள். அண்ணாச்சியின் நெல்லைச் சீமையில் இன்று அந்த அளவுக்குத் தெருவில் பொங்கல் பார்க்க முடியுமா என்பது சந்தேகமே.

சந்து முனையில் ஓர் ஆச்சி இட்லிக் கொப்பரையைத் திறந்துகொண்டிருந்தார். விடியுமுன் இந்தச் சந்துகளில் வேகும் இட்லிதான் சைக்கிள் கேரியரில் ஏறிப் பம்பாயின் பல மூலைகளுக்கும் போகிறது. கொப்பரை அலுமினியம். தட்டும் அலுமினியம். "இந்தக் கொப்பரை எத்தனை வருஷமா இருக்கு ஆச்சி?" என்றேன்.

"எம் மருமவ வந்தப்ப வாங்குனது. அவ மவ இப்ப காலேசு போறா."

"ஓட்டை விழுந்தா என்ன செய்வீங்க?"

"அண்ணாச்சி பட்டறையில போட்டா கிலோவுக்குக் காசு. பிஸ்டன் வெலயவிட இதுக்குக் கூட, தெரியும்ல?" என்று நாலு இட்லியை வைத்து மேலே சாம்பாரை ஊற்றினார். சாம்பார் நம்மூர்ச் சாம்பார்தான். தேங்காய்ச் சட்னியில் மட்டும் மும்பை கொஞ்சம் சர்க்கரை சேர்த்திருந்தது.

மாட்டுங்கா

சயான் வழியாக மாட்டுங்காவுக்கு வந்தால் ஒரே நடையில் வேறு நகரம். நிழல் மரங்கள், அகலத் தெருக்கள், ஸ்டேஷனுக்கு வெளியே கட்டி வைத்த மல்லிகைப்பூ. ஆஸ்திக சமாஜமும் பஜன சமாஜமும் சங்கர மடமும் அடுத்தடுத்த தெருக்களில். தாராவியில் தமிழ் பேசுகிறவர் கையை விரித்துப் பேசுவார், மாட்டுங்காவில் கையைக் கட்டிக்கொண்டு பேசுவார். இரண்டுக்கும் நடுவில் தூரம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் தாராவிக்கு ஒருமுறைகூடப் போயிராத மாட்டுங்காக்காரர்களைச் சந்தித்தேன். மாட்டுங்காவின் பெயர்பெற்ற சாப்பாட்டுக் கடைகளை நடத்துகிறவர்கள் தமிழர்கள் அல்லர், உடுப்பிக்காரர்கள். 'கஃபே மெட்ராஸ்' என்ற பெயரில்கூடப் பரிமாறுவது கர்நாடகக் கை. அங்கே ரச வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் எதிரே உட்கார்ந்திருந்த மாமாவோடு பேச்சு வளர்ந்தது.

பாலக்காட்டுக்காரர். வி.ஜே.டி.ஐ.யில் மெக்கானிக்கல் படித்து, வார்ப்பாலைகளில் காலம் தள்ளியவர். விக்டோரியா ஜூபிலி பெயரால் 1887-ல் பைகுல்லாவில் தொடங்கிய அந்தக் கல்லூரி 1923-ல் மாட்டுங்காவுக்கு வந்தது. நான் தாராவிக் கதையைச் சொன்னதும், "பேஷ்! நாங்க லேபில ஸ்பெக்ட்ரோமீட்டர் வெச்சுண்டு பாக்கறதை அவா காலால மிதிச்சுப் பாத்துடறா" என்றார். பிறகு டபரா டம்ளரை ஒதுக்கி வைத்துவிட்டு வகுப்பெடுக்கத் தொடங்கினார்.

முதலில் பிஸ்டன் வார்ப்பிரும்புதான். சிலிண்டரும் வார்ப்பிரும்பு என்பதால் இரண்டும் சமமாகப் பெருத்தன, சண்டையில்லை. ஆனால் கனம். வேகம் கூட்டினால் ராடு முறியும். 1913-ல் டபிள்யூ. ஓ. பென்ட்லி என்ற இங்கிலாந்துக்காரர், தாம் விற்றுவந்த டி.எஃப்.பி. கார்களின் பிரெஞ்சு ஆலைக்குப் போனார். அங்கே மேசைமேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த ஒரு சின்ன அலுமினியப் பிஸ்டனைக் கண்டு, இதை ஏன் இன்ஜினிலேயே போடக்கூடாது என்று கேட்டார். 88 பங்கு அலுமினியம், 12 பங்கு செம்பு. போட்டார்கள், கார் வேகம் பிடித்தது. முதல் உலகப்போர் வந்ததும் அந்த யோசனை விமான இன்ஜின்களுக்குப் போனது. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகம் செம்பும் நிக்கலும் மக்னீசியமும் சேர்த்த 'ஒய்' கலவையை அந்தப் போர்க்காலத்திலேயே உருவாக்கியது.

"அப்பறம்தான் சிலிக்கான் வந்தது. அதுதான் கெட்டிக்காரன்" என்றார் மாமா. சுத்த அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் இரண்டு மடங்கு பெருக்கும். சிலிக்கான் சேரச் சேர அந்தப் பெருக்கம் குறையும். சிலிக்கான் மணிகள் கடினமானவை, தேய்மானத்தையும் தாங்கும். உருகிய கலவை தண்ணீராக ஓடி மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும். ஆனால் மணிகள் பெரிதாகிவிட்டால் வார்ப்பு நொறுங்கும். ஒரு சிட்டிகை சோடியம் உப்பு போட்டால் மணிகள் பொடியாகும் என்று 1920 வாக்கில் அலாதார் பாட்ஸ் என்பவர் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். இன்று காரிலும் ஸ்கூட்டரிலும் ஓடும் பெரும்பாலான பிஸ்டன்கள் ஏறக்குறைய 12 சதவீதம் சிலிக்கான், செம்பும் நிக்கலும் மக்னீசியமும் ஒவ்வொரு சதவீதத்தை ஒட்டி, மீதி அலுமினியம்.

"கனரக டீசல் லாரியில மறுபடி இரும்புக்குப் போயிண்டிருக்கா, கேட்டேளா? ஸ்டீல் பிஸ்டன். அழுத்தம் 200 பாருக்கு மேல போறது, அலுமினியம் தாங்கலை." கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

கிளம்பும்போது ஒன்று கேட்டேன். கலவை கண்டுபிடித்தவர்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது, வருஷம் இருக்கிறது. பிரிக்கிறவர்களுக்கு?

மாமா யோசித்தார். "கலக்கறது ஒரு தடவை கண்டுபிடிச்சா போறும். ஃபார்முலாவை எழுதி வெச்சுண்டா யாரும் கலக்கலாம். பிரிக்கறது தினம் தினம் புதுசா செய்யணும். ஒவ்வொரு துண்டையும் எடுத்துப் பாக்கணும். அதுக்கு எங்கே ஃபார்முலா?"

செம்பூர்

செம்பூரில் எனக்குத் துணை வந்தவர் முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டியவர். கள்ளக்குறிச்சிப் பக்கம். பத்மினியில் தொடங்கி, கடைசியில் சி.என்.ஜி. வேகன்-ஆருக்கு மாறி, இப்போது வண்டியை மகனிடம் கொடுத்துவிட்டார். மகன் அதை விற்றுவிட்டு மின்சார வண்டி எடுக்கப் போகிறானாம்.

மாஹுல் பக்கம் திரும்பியதுமே மூக்கு சொல்லிவிடுகிறது. 1954, 55-ல் அடுத்தடுத்துத் தொடங்கிய இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இங்கே இருக்கின்றன. அன்று அந்நியக் கம்பெனிகளுடையவை, இன்று இந்துஸ்தான் பெட்ரோலியமும் பாரத் பெட்ரோலியமும். பெட்ரோலும் டீசலும் மட்டுமல்ல, இன்ஜின் ஆயிலுக்கு மூலமான எண்ணெயும் இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் ஆலையில் வடிகிறது. பிஸ்டனைத் தள்ளும் நெருப்பும், அதைச் சுவரில் ஒட்டாமல் காக்கும் வழவழப்பும் ஒரே வளாகத்திலிருந்து கிளம்புகின்றன. ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் இருப்பது சில மைக்ரான் கனத்தில் ஓர் எண்ணெய்ப் படலம்தான். மேலிரண்டு ரிங் வாயுவைத் தடுக்கும், கீழ் ரிங் மிஞ்சின எண்ணெயை வழித்துக் கீழே விடும். வழிக்காமல் விட்டால் எண்ணெய் மேலேறி எரிந்து நீலப்புகை. "ரிங் போச்சுன்னா பத்மினி நீலமாப் புகை விடும் தம்பி. பின்னாடி வர்றவன் திட்டுற திட்டுல நமக்குத் தெரிஞ்சிரும், செட் மாத்தணும்னு" என்றார்.

சாயங்காலம் செடா நகர் முருகன் கோயிலுக்குப் போனோம். 108 படி. மும்பைத் தமிழர்கள் இதைத் திருச்செம்பூர் என்கிறார்கள். படியேறும்போது பஞ்சாமிர்தத்தைப் பற்றியும் மகளின் திருமணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தவர், மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு நெடுஞ்சாலையைக் காட்டினார். கீழே இருபுறமும் வண்டிகள் நகராமல் நின்றன.

"இத்தனை வண்டியும் கரண்டு வண்டி ஆயிட்டா உங்க பிஸ்டன்காரங்க என்ன பண்ணுவாங்க?"

அன்று காலையே அண்ணாச்சியிடம் இதைக் கேட்டிருந்தேன். "மோட்டாருக்கு மூடி வேணும்லா? அதுவும் அலுமினியம்தான்" என்று அவர் கவலைப்படாமல் சொன்னார். பாதி உண்மை. மின்சார வண்டியிலும் அலுமினியம் நிறைய உண்டு. ஆனால் இதுநாள்வரை பழைய அலுமினியம் கொஞ்சம் அப்படி இப்படிக் கலந்திருந்தாலும் உள்வாங்கிக்கொண்டது இன்ஜின்தான். பிளாக், ஹெட், பிஸ்டன் என்று சிலிக்கான் மிகுந்த வார்ப்புகளுக்கு அது பெரிய சந்தை. அது சுருங்கினால், சிலிக்கான் ஏறிய பழைய உலோகத்துக்கு இடம் குறையும். வண்டி உடம்புக்கு வேண்டிய தகடும் சட்டமும் அந்தக் கலப்படத்தைப் பொறுக்காதவை. அப்போது இன்னும் நுணுக்கமாகப் பிரிக்க வேண்டியிருக்கும். பிஸ்டன் போகலாம், பிரிக்கும் வேலை கூடத்தான் போகிறது.

அந்த வேலையைத் தெரிந்தவர்கள் எங்கே இருப்பார்கள் என்பதுதான் இப்போது தாராவியில் எல்லார் வாயிலும் உள்ள கேள்வி. மறுசீரமைப்புத் திட்டம் வந்துவிட்டது. புகை விடும் பட்டறைகளுக்குப் புதிய தாராவியில் இடமிருக்காது என்று அண்ணாச்சியும் கேள்விப்பட்டிருக்கிறார். புகை போக வேண்டியதுதான். அதை மூச்சில் வாங்குகிற வாலிபர்களே முதலில் அப்படிச் சொல்வார்கள். ஆனால் புகை விடுவது பட்டி. அதை ஊருக்கு வெளியே கொண்டுபோகலாம், புகைபோக்கியும் வடிகட்டியும் வைத்துக் கட்டலாம். பிரிக்கும் இடத்தில் புகை இல்லை. ஒரு காந்தம், ஒரு சுத்தியல், பழகிய கண் இவ்வளவுதான். அந்த இடம் நகரத்துக்குள், குர்லாக்களுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் சாக்குகள் தனித்தனியாக வந்து சேரும். தூரம் கூடினால் டெம்போ செலவு கூடும், எல்லாவற்றையும் ஒரே லாரியில் கொட்டி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கும் கடைக்கும் பள்ளிக்கும் நிறம் தீட்டிய திட்ட வரைபடத்தில், காற்றோட்டமும் கையுறையுமுள்ள ஒரு பிரிப்புக் கூடத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும். கலந்தபின் எடுக்க முடியாது என்று அண்ணாச்சி சொன்னது நகரத் திட்டம் போடுகிறவர்களும் கேட்க வேண்டிய பேச்சு.